ஆக்ரிக்கடைச் சாமானில் ஒரு வெயில் இயந்திரம்

சூரியக் காற்றுச் சூடேற்றி என்பது கண்ணாடி மூடிய ஒரு பெட்டி. உள்ளே கறுப்புப் பூசிய உலோகம்; ஒரு முனையில் காற்று நுழைய வழி, மறுமுனையில் வெளியேற வழி. வெயில் கண்ணாடியைக் கடந்து உலோகத்தைச் சுட வைக்கிறது. அதைத் தொட்டுப் போகும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. தண்ணீர் கிடையாது, அழுத்தம் கிடையாது. எங்காவது ஒழுகினாலும் ஒழுகுவது காற்றுதான். அதனாலேயே பழைய சாமான்களைக் கொண்டு வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு இது பிடித்தமான கருவி.

குளிர்நாடுகளில் இதன் வேலை அறையைக் கதகதப்பாக்குவது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள சேலம் நகரில், விலங்கியலாளரான எட்வர்ட் மோர்ஸ் 1881-இல் இப்படியொரு சுவர்ச் சூடேற்றிக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சின் பைரனீஸ் மலையில் ஓடெய்யோ என்ற ஊரில் ஃபெலிக்ஸ் திரோம்ப் 1967-இல் கட்டிய வீடு, தெற்குச் சுவரையே சூடேற்றியாக மாற்றிக் காட்டியது; இன்றும் அந்த அமைப்புக்கு அவர் பெயர்தான். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு நிறுவனம் 240 காலி அலுமினியக் கேன்களை அடுக்கி ஒரு சூடேற்றி செய்து விற்றது. கேன் அடுக்கும் பழக்கம் உலகெங்கும் பரவியதில் அதற்கும் பங்கு உண்டு. இந்தியாவில் இந்தத் தேவை உண்மையாகவே உள்ள இடம் லடாக். லே அருகே ஃபே கிராமத்தில் உள்ள செக்மோல் என்ற கல்வி அமைப்பின் வளாகத்து மண் கட்டடங்கள், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போகும் குளிரிலும் பகல் வெயிலைச் சேமித்தே சமாளிக்கின்றன.

திருவனந்தபுரத்தில் ஜனவரி அதிகாலையிலும் போர்வையை உதறிவிட்டு எழுந்துவிடலாம். இங்கே வீட்டைச் சூடாக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அதே பெட்டிக்கு இந்த ஊரில் வேறொரு வேலை காத்திருக்கிறது. கொப்பரை, மரச்சீனி (மரவள்ளி), நெத்திலி, சக்கை (பலா), வடகம், மிளகு என்று காய வைத்தே தீர வேண்டிய பண்டங்கள் இங்கே நிறைய; காய விடாத காற்றும் நிறைய. இங்கே காற்றுச் சூடேற்றி என்றால் சோலார் டிரையர், அதாவது சூரிய உலர்த்தி.

75-லிருந்து 26-க்கு

கடலோர ஊரில் துணி காயாத நாட்கள் எல்லோருக்கும் பழக்கம். வெயில் இருந்தும் காயாது. காரணம் காற்றில் ஏற்கெனவே உள்ள ஈரம். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 75 விழுக்காடு என்று வானிலை அறிக்கை சொன்னால், அந்தக் கொள்ளளவில் முக்கால் பங்கு நிரம்பிவிட்டது என்று பொருள். அதே காற்றை 50 டிகிரிக்குச் சூடேற்றினால் கொள்ளளவு 83 கிராமாக விரிகிறது. உள்ளே இருக்கும் நீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் ஈரப்பதம் 26 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. வெறும் 10 டிகிரி சூடேற்றினாலே 43-க்கு வந்துவிடும். சூடேற்றியின் பயன் முழுவதும் இந்த எண்களில் அடங்கிவிடுகிறது.

பூஞ்சைக்கும் இதே கணக்குதான். சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் நின்றால், அதில் எத்தனை நாள் பரப்பி வைத்தாலும் தானியமோ கிழங்கோ பூஞ்சைக்குத் தப்பும் அளவுக்குக் காயாது. பொருளிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து பொருளுக்கும் ஈரம் ஒரே அளவில் போய்வரத் தொடங்கிவிடும். அதற்குமேல் காய்தல் நின்றுபோகும். திருவனந்தபுரத்துக்கு ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபர்–நவம்பரில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் வெயிலிலும் காலையும் மாலையும் காற்று கனத்துத்தான் இருக்கும். கொப்பரையில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சேர்கிறது. அந்த நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், காய்ச்சினாலும் அழியாது. கொப்பரையைப் புகையில் வாட்டினால் பூஞ்சை வராது, ஆனால் நிறமும் மணமும் போய்விடும்.

இந்தக் கருவியைப் பற்றிய பேச்சில் நடக்கும் முக்கியமான பிசகு இங்கேதான் தொடங்குகிறது. செய்து முடித்தவர்கள் வெளியேறும் வாயில் வெப்பமானியைச் செருகி, 80 டிகிரி, 90 டிகிரி என்று காட்டிப் பெருமைப்படுவது வழக்கம். உலர்த்துவதற்கு அந்தச் சூடு வேண்டியதே இல்லை. பெரும்பாலான பண்டங்களுக்கு 45 முதல் 60 டிகிரி போதும், கூடினால் கெடுதல். வேண்டியது நிறையக் காற்று, மிதமான சூட்டில், நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீரைப் பொருளிலிருந்து பிரிப்பது சூடு என்றால், பிரிந்த நீரை வெளியே தூக்கிப் போவது காற்று. இரண்டாவது வேலை நடக்காவிட்டால் முதலாவது வீண்.

பொருள் எங்கிருந்து

கழிவு என்ற சொல்லுக்கு இந்த நகரத்தில் அரசியல் எடை உண்டு. நகரத்தின் குப்பையெல்லாம் 2000-இல் தொடங்கிய விளப்பில்சாலை ஆலைக்குப் போனது. ஊர் மக்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2011 டிசம்பரில் அந்த ஆலை பூட்டப்பட்டது. கொட்ட இடமில்லாமல் போன நகரம், அதன்பின் வீட்டுக் குப்பையை வீட்டிலேயே மட்கவைக்கக் கற்றுக்கொண்டது. பிளாஸ்டிக்கையும் மட்காத பிறவற்றையும் ஹரித கர்ம சேனையின் பெண்கள் வாசலுக்கு வந்து வாங்கிப் போகிறார்கள். அதற்கு அப்பால், விலை போகும் எல்லாம் பழைய சாமான் வாங்கும் ஆக்ரிக்கடைக்குப் போகிறது: இரும்பு, அலுமினியம், பழைய ஃப்ரிட்ஜ், இடித்த வீட்டின் சன்னல்.

கைவிட்ட பொருளைக் கட்டடத்துக்கு எடுப்பதில் இந்த ஊருக்கு ஒரு பெரிய முன்னோடியும் உண்டு. 2007-இல் மறையும் வரை நாலாஞ்சிறையில் வாழ்ந்த லாரி பேக்கர், கழித்துப்போட்ட மங்களூர் ஓடுகளைக் கான்கிரீட் கூரைக்குள் பதித்துச் சிமெண்டும் கம்பியும் மிச்சம் பிடித்தார். தம்பானூர் பேருந்து நிலையம் அருகே அவர் கட்டிய இந்தியன் காஃபி ஹவுஸ், சுருள் சுருளாக ஏறும் செங்கல் சுவரில் ஓட்டை விட்டுக் காற்றை உள்ளே வரவழைக்கும் கட்டடம். காற்றுக்கு வழி விடுவதுதான் வெப்பநாட்டுக் கட்டடத்தின் முதல் வேலை என்பதற்கு, அங்கே ஒரு காப்பி குடித்து முடிக்கும் நேரமே போதிய விளக்கம்.

சூடேற்றிக்கு வேண்டிய கறுப்பு உலோகத்துக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, காலி பீர், குளிர்பானக் கேன்கள். 500 மில்லி கேன் ஒன்றின் விட்டம் 6.6 சென்டிமீட்டர், உயரம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். எட்டெட்டாக அடுக்கிப் பன்னிரண்டு தூண்கள் வைத்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். 96 கேன், மொத்த எடை ஒன்றரைக் கிலோ அளவுதான். இரண்டாவது, அச்சகங்களில் ஒருமுறை ஓட்டிவிட்டுக் கழிக்கும் ஆஃப்செட் பிளேட். தலைநகரத்தில் நாளிதழ் அச்சகங்களுக்குக் குறைவில்லை. மெல்லிய, தட்டையான, நல்ல அலுமினியத் தகடு இதைவிட மலிவாகக் கிடைக்காது. மூன்றாவது, உலோகக் கொசுவலை. சன்னலிலிருந்து கழற்றிய வலையைக் கறுப்படித்து, இரண்டு மூன்று அடுக்காகச் சாய்த்து நிறுத்தினால், காற்று வலையின் கண்கள் வழியே ஊடுருவிப் போகும். தொடும் பரப்பு மிக அதிகம், தடை மிகக் குறைவு. செய்வதற்கும் அரை நாள் வேலை.

படத்தில் பார்க்க அழகாக இருப்பது கேன். வேலை செய்ய எளிதாக இருப்பது வலை. கேனின் வளைவு கூடுதல் வெயிலைப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பிடிக்காது. பெட்டியின் மேல் எவ்வளவு வெயில் விழுகிறதோ அவ்வளவுதான் கணக்கு. வளைவு காற்று தொடும் பரப்பைத்தான் கூட்டுகிறது. சுற்றுச்சூழல் என்ற பெயரில் கேனைத் தேர்ந்தெடுப்பதும் சரியான வாதம் அல்ல. பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி வார்க்கப் புதிய அலுமினியத்துக்கு ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு போதும் என்பதால், கேனுக்கு ஆக்ரிக்கடையில் எப்போதும் விலை உண்டு. குப்பைமேட்டிலிருந்து யாராவது காப்பாற்ற வேண்டிய நிலையில் அது இல்லை. அந்த நிலையில் இருப்பவை சன்னல் கண்ணாடியும் பழைய ஃப்ரிட்ஜின் கூடும்தான். இந்தக் கருவியின் மறுபயன்பாட்டுப் பெருமை உண்மையில் அந்த இரண்டுக்கே சேரும்.

பெட்டி

பழைய வீடு இடிக்கும்போது வரும் ஆஞ்சிலிப் பலகை சட்டத்துக்கு ஏற்றது. வெயிலையும் மழையையும் தாங்கும். உள்ளளவு ஏறத்தாழ 1.6 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழம். நீளத்தில் 1.3 மீட்டர் கேன் தூண்களுக்கு. மேலும் கீழும் மிஞ்சும் இடம், காற்று எல்லாத் தூண்களுக்கும் பிரியவும் மறுபடி சேரவும் உதவும் அறைகள்.

அடியிலும் பக்கங்களிலும் சூடு தப்பாமல் தடுக்கும் அடைப்பு வேண்டும். கையில் முதலில் அகப்படுவது தெர்மோகோல். அதைத்தான் பயன்படுத்தக் கூடாது. வெயில் நேரத்தில் விசிறி நின்றுபோனால் கறுப்பு உலோகம் 100 டிகிரியைத் தாண்டும். தெர்மோகோல் அதற்கு முன்பே சுருங்கி உருகத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் குடிநீர் பாட்டில் 70 டிகிரியைத் தாண்டியதுமே குழையும். பி.வி.சி. குழாயும் சற்றே கூடுதலாகத் தாங்குமே தவிர, நம்ப முடியாது. இங்கே உள்ளூர்ச் சரக்கு ஒன்று கைகொடுக்கிறது. சிறையின்கீழு, அஞ்சுதெங்கு, கடினங்குளம் பக்கமெல்லாம் கயிறு திரித்த ஊர்கள். அழுத்திப் பரப்பிய 5 சென்டிமீட்டர் தேங்காய் நார், சூட்டைத் தடுப்பதில் தெர்மோகோலுக்குச் சற்றே பின்தங்கும், அவ்வளவுதான். கரையான் பயத்துக்கு, பெட்டியை மண்ணில் வைக்காமல் இரும்புக் கால்களில் நிறுத்த வேண்டும். நாரின் மேல் ஒரு தகரம் அல்லது ஆஃப்செட் பிளேட் விரித்தால் நார்த்தூசு காற்றோடு பண்டத்துக்குப் போகாது.

கேன் தயாரிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் பகுதி. அடிப்பாகத்தை முழுவதும் வெட்டி எடுக்க வேண்டும். மேல்மூடியில் குடிக்கும் வாயை ஒட்டித் தகரக் கத்தரியால் கீறி, கீறிய துண்டுகளை இதழ் இதழாக உள்ளே மடக்கிவிட வேண்டும். முழுதாக நீக்கிவிட்டால் காற்று தூணின் நடுவே நேராக ஓடிச் சுவரைத் தொடாமலே போய்விடும். இதழ்கள் அதைச் சுழற்றிவிட்டுச் சுவரில் மோத வைக்கின்றன. இரண்டு பலகைகளைச் செங்கோணமாக ஆணியடித்த தொட்டில் ஒன்றில் கேன்களைக் கிடத்தி, ஒன்றின் விளிம்பு அடுத்ததன் வாயில் உட்காரும்படி நெருக்கி, சூடு தாங்கும் சிலிக்கோனால் ஒட்டி ஒரு நாள் அசைக்காமல் விட்டால் தூண் நேராக வரும். கேனின் மேலுள்ள வண்ணப் பூச்சு வழுவழுப்பானது. எமரித்தாள் தேய்க்காமல் கறுப்படித்தால் முதல் கோடையிலேயே உரிந்துவிடும். பளபளக்கும் எனாமல் உதவாது. பள்ளிக் கரும்பலகைக்கு அடிக்கும் மங்கல் கறுப்பு மலிவானது, அதுவே சரியானதும்கூட.

புதுப் பெயிண்டும் கேனின் உட்பூச்சும் முதலில் சூடாகும்போது ஒரு வாடை வரும். சாப்பிடும் பண்டத்தின் மேல் போகப்போகும் காற்று இது என்பதால், வாடை முற்றிலும் போகும் வரை சில நல்ல வெயில் நாட்கள் பெட்டியை வெறுமனே ஓட்டியாக வேண்டும்.

மூடுவதற்குப் பழைய சன்னலின் 4 மில்லிமீட்டர் கண்ணாடி நல்லது. வெயிலை விடும், உலோகம் திருப்பி வீசும் வெப்பக் கதிரை விடாது. கேனுக்கும் கண்ணாடிக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. கண்ணாடியைச் சட்டத்தில் இறுக்கிப் பிடிக்கக் கூடாது. சூட்டில் விரிய இடம் இல்லாவிட்டால் மூலையில் கீறல் விழும். தென்னை நிற்கும் வீட்டில் ஒரு கூடுதல் கவலை: மட்டையோ நெற்றோ விழும் தூரத்தில் கண்ணாடிப் பெட்டி வைப்பது நல்லதல்ல. தென்னை நிழலும் வெயிலைக் கெடுக்கும். ஆகவே மொட்டை மாடியே இடம்.

திருவனந்தபுரம் 8.5 டிகிரி வட அகலாங்கில் இருக்கிறது. கணக்குப்படி அதே அளவு சாய்வு போதும். ஆனால் மழைநீரும் சருகும் வழிந்தோட 15 டிகிரியாவது தேவை. தெற்கு பார்த்து வைக்க வேண்டும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுகிறது என்பது உண்மைதான். அந்த மாதங்களில் பெரும்பகுதியை மேகம் எடுத்துக்கொள்வதால் அதற்காகப் பெட்டியைத் திருப்புவதில் லாபம் இல்லை. காய வைக்கும் வேலை நடப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. அப்போது சூரியன் பெரும்பாலும் தெற்கே.

விசிறிக்குப் பழுதான கணினியின் 12 வோல்ட், 12 சென்டிமீட்டர் விசிறி போதும். இரண்டு முதல் நான்கு வாட்தான் எடுக்கும். அதை 10 வாட் சோலார் பலகையோடு, நடுவே பேட்டரி இல்லாமல் நேரடியாக இணைப்பது நல்ல ஏற்பாடு. வெயில் ஏறினால் விசிறி வேகம் ஏறும், மேகம் வந்தால் தானே தணியும். சூடேற்றியின் சூட்டுக்கும் விசிறியின் ஓட்டத்துக்கும் பொருத்தம் தானாகவே அமைந்துவிடும். விசிறியைக் குளிர்ந்த காற்று நுழையும் வாயில் வைக்க வேண்டும். சூடான வாயில் வைத்தால் அதன் பேரிங் சீக்கிரம் போய்விடும். நுழைவாய் கீழே ஒரு மூலையில் என்றால் வெளிவாய் மேலே எதிர் மூலையில். இரண்டையும் நடுவில் வைத்தால் நடுத் தூண்களில் மட்டும் காற்று ஓடி, ஓரத்துத் தூண்கள் சும்மா காய்ந்துகொண்டிருக்கும்.

அளந்து பார்த்தால்

எவ்வளவு சூடு என்பதை வெப்பமானி மட்டும் சொல்லாது. எவ்வளவு காற்று என்பதும் தெரிய வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. கொள்ளளவு தெரிந்த பெரிய குப்பைப் பையை மடித்து வெளிவாயில் கட்டி, அது நிரம்பும் நேரத்தைப் பார்த்தால் போதும். 100 லிட்டர் பை 7 நொடியில் நிரம்பினால் நொடிக்கு ஏறத்தாழ 14 லிட்டர். வெளிக்காற்று 30 டிகிரி, வெளிவரும் காற்று 50 டிகிரி என்றால் பெட்டி தரும் வெப்பம் சுமார் 300 வாட். சதுர மீட்டருக்கு 800 வாட் விழும் நல்ல வெயிலில், இது ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவு. கூரைகளில் இன்று பரவிவரும் மின்சாரப் பலகைகள் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகின்றன. அவற்றுக்குக் கிடைக்கும் மானியமும் கவனமும் இந்த எளிய வெப்பப் பெட்டிக்குக் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது அதே பெட்டியில் விசிறியைத் தணித்து, காற்றை நொடிக்கு 5 லிட்டராகக் குறைத்தால் வெளிவாயில் 70 டிகிரி காட்டும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் கிடைக்கும் வெப்பம் 210 வாட்தான். பெட்டி சூடேறச் சூடேறக் கண்ணாடி வழியே இழப்பதும் கூடுகிறது. மிச்சம் வெளியே வருகிறது. 80 டிகிரி காட்டிப் பெருமைப்படும் படங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

300 வாட் வீதம் ஒரு நாளில் ஆறு மணி நேரம் ஓடினால், ஏட்டுக் கணக்கில் 2.7 கிலோ நீரை ஆவியாக்கலாம். நடைமுறையில் பாதி இழப்பில் போகும், 1.3 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். பச்சை மரச்சீனியில் 60 விழுக்காட்டுக்கு மேல் நீர். காய்ந்த துண்டில் 12 இருக்கலாம். ஒரு கிலோவிலிருந்து அரைக் கிலோவுக்குச் சற்று அதிகமாக நீரை எடுக்க வேண்டும். ஆக, ஒரு சதுர மீட்டர் பெட்டி ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ கிழங்குக்குப் போதும். வீட்டுக்கு நிறைவு, விற்பனைக்குப் போதாது. விற்பனைக்கு வேண்டுமென்றால் பெட்டியின் பரப்பு பெருக வேண்டும். வேறு தந்திரம் எதுவும் இல்லை.

காயும் அறை

சூடேற்றி பாதிக் கருவிதான். காற்று போய்ச் சேரும் அறை மறுபாதி. அதற்கு ஆக்ரிக்கடையில் கிடக்கும் பழைய ஃப்ரிட்ஜை மிஞ்சிய பொருள் இல்லை: சுற்றிலும் சூடு தடுக்கும் சுவர், இறுக மூடும் கதவு, தட்டு வைக்க வரிவரியான தாங்கிகள், துடைத்தால் சுத்தமாகும் உட்புறம். கீழே ஒரு துளையில் சூடான காற்று நுழைந்து, தட்டுகளைக் கடந்து, மேலே ஒரு துளையில் வெளியேறும். துளைகளில் கொசுவலை.

ஆனால் ஃப்ரிட்ஜில் கை வைக்கும் முன் மெக்கானிக் ஒருவர் வாயுவை முறைப்படி வெளியே எடுத்துத் தர வேண்டும். மிகப் பழையதில் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஆர்-12, புதியதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன். குழாயை அறுத்து வெளியே விட்டுவிடுவது சட்டத்துக்கும் பொருந்தாது, பாதுகாப்பும் அல்ல. பழையதன் சுவர் நுரையிலும் சி.எஃப்.சி. வாயு அடைபட்டிருக்கும், துளை இரண்டோடு நிறுத்திக்கொண்டு, நுரையை அறுத்துப் பரப்பாமல் இருப்பது நல்லது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. தட்டு வைக்கவோ பெட்டி மூடவோ பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டக் கூடாது. அந்தத் தூசு நுரையீரலை விட்டு வெளியேறாது.

நேர்வெயிலில் பரப்புவதைவிட இப்படி நிழலறையில் காய்வதில் வேறு நன்மைகளும் உண்டு. நிறம் வெளுக்காது. ஈ மொய்க்காது, மணலும் காக்கையும் இல்லை. பூந்துறை, விழிஞ்ஞம், அஞ்சுதெங்கு கரைகளில் மணலில் காயும் நெத்திலியைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன நன்மையாகத் தோன்றாது. மீனுக்கு 50 டிகிரி தாண்டக் கூடாது. தாண்டினால் மேற்புறம் வெந்து இறுகி, உள்ளே உள்ள நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே அழுகத் தொடங்கும். வெளியே காய்ந்தது போலவும் உள்ளே ஈரமாகவும் இருக்கும் கருவாடு இப்படித்தான் உருவாகிறது.

மரச்சீனிக்கு வரலாறும் உண்டு, நுணுக்கமும் உண்டு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்பினார். 1963 முதல் நகரத்துக்குள்ளேயே ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. இந்தக் கிழங்கில் சயனைடு வெளிவிடும் சேர்மம் இருக்கிறது. கிழங்கை நறுக்கியதும் அதிலுள்ள நொதி அந்தச் சேர்மத்தைச் சிதைத்து நஞ்சைக் காற்றில் போக்கத் தொடங்கும். அதற்கு ஈரமும் நேரமும் தேவை. அதிகச் சூட்டில் அவசரமாகக் காய வைத்தால் நொதி வேலை செய்வதற்குள் ஈரம் போய்விடும், நஞ்சு மிஞ்சிவிடும். கேரள வீடுகளில் கப்பை என்று அழைக்கும் இந்தக் கிழங்கை நறுக்கி, நிறையத் தண்ணீரில் அரைவேக்காடாக வாட்டி, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுக் காய வைக்கும் வழக்கத்துக்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. உலர்த்தி வந்தாலும் அந்த முறையை விட்டுவிடக் கூடாது.

கொப்பரைக்கு 60 டிகிரி வரை போகலாம். உடைத்த முறிகளை வாய் மேலே பார்க்க அடுக்கி, பருப்பு ஓட்டிலிருந்து விட்டதும் பிரித்துத் திரும்பக் காய வைக்க வேண்டும். ஈரம் 6 விழுக்காட்டுக்கு இறங்கினால்தான் சேமிக்கலாம். பதம் வந்த கொப்பரையை ஒடித்தால் வளையாமல் சட்டென உடையும். விதைக்கு எடுத்து வைக்கும் தானியமும் காய்கறி விதையும் 40 டிகிரியைத் தாண்டினால் முளைக்காமல் போகும். கேரளம் 2018-இல் மாநிலப் பழமாக அறிவித்த சக்கையின் சுளையும் மெல்ல நறுக்கினால் நன்றாகக் காயும். சர்க்கரை மிகுந்த பழுத்த சுளை தட்டில் ஒட்டிக்கொள்ளும், காய் பதமே வசதி. கரமனை, வலியசாலை அக்ரகாரங்களில் மாசி, பங்குனியில் மாடியில் பிழியும் வடகத்துக்கு எந்தக் கருவியும் வேண்டாம். அந்த மாத வெயிலே போதும். கருவி உதவுவது மேகம் வந்து போகும் மாதங்களில்.

சாயங்காலம் ஒரு வேலை இருக்கிறது, பலர் மறப்பது. வெயில் தாழ்ந்ததும் காயும் அறையின் இரண்டு துளைகளையும் அடைத்துவிட வேண்டும். இரவுக் காற்றின் ஈரத்தை, பாதி காய்ந்த பண்டம் ஆவலாக உறிஞ்சிக்கொள்ளும். பகலில் சேர்த்தது போய்விடும். காய்ந்து முடிந்ததை ஆறியவுடனே, அன்றைக்கே, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டியதும் அதனால்தான்.

மாடியில் ஏற்கெனவே இருப்பது

திருவனந்தபுரத்தின் மாடிகளை உயரமான இடத்திலிருந்து பார்த்தால் கான்கிரீட் தெரிவதில்லை. நீலமும் சிவப்பும் பச்சையுமான தகரம்தான் தெரியும். மழை ஒழுகலுக்குப் பயந்து மொட்டை மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் போட்டுத் தகரம் வேயும் டிரஸ் ஒர்க் பெருகிவிட்டது. நண்பகலில் அந்தத் தகரத்துக்கு அடியில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே எவ்வளவு சூடு என்று. வெயில் பட்டுச் சுடும் ஓர் உலோகப் பரப்பும் அதன்கீழ் அடைபட்ட காற்றும் ஆக, அது செலவில்லாமல் கட்டி முடித்த பெரிய காற்றுச் சூடேற்றியே. கண்ணாடி இல்லாததால் சதுர மீட்டருக்குக் கிடைப்பது குறைவு. ஆனால் பரப்பு ஐம்பது அறுபது மடங்கு. தகரத்துக்கு ஒரு கை அகலம் கீழே மெல்லிய தடுப்பு ஒன்று அடித்து, உச்சி முகட்டில் விசிறி வைத்து அந்தக் காற்றை இழுத்தால், பத்துப் பதினைந்து டிகிரி கூடிய காற்று நிறையக் கிடைக்கும். முன்னே பார்த்த கணக்குப்படி, ஈரப்பதத்தைப் பாதியாக்க அதுவே போதும்.

இது புதுக் கற்பனை அல்ல. மதுரையைச் சேர்ந்த பேராசிரியர் சி. பழனியப்பனும் அவர் அமைத்த பிளான்டர்ஸ் எனர்ஜி நெட்வொர்க்கும் 1990-களிலேயே தென்னிந்தியத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கூரைகளைக் காற்றுச் சூடேற்றிகளாக்கி, விறகடுப்புக்குள் போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்கினார்கள். வெயில் உள்ள நேரம் விறகு மிச்சம். மழை நேரம் விறகு வழக்கம்போல. சூரியனை மட்டும் நம்பாமல், இருக்கும் அடுப்புக்குத் துணையாக வைத்த அந்த ஏற்பாடு கேரளத்தின் ஈரமான வானிலைக்கு இன்னும் பொருத்தமானது. 1986-இல் தொடங்கி திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அனெர்ட், மாநிலத்தின் மரபுசாரா எரிசக்திக்குப் பொறுப்பான நிறுவனம். பாப்பனங்கோட்டில் உள்ள நிஸ்ட் ஆய்வகம் வேளாண் விளைபொருள் பதப்படுத்தும் முறைகளில் ஈடுபட்டிருக்கிறது. தகரக் கூரைகளை ஒரு வளமாகப் பார்க்கும் திட்டம் ஒன்றுக்கு வேண்டிய அறிவு நகரத்துக்குள்ளேயே இருக்கிறது.

பராமரிப்பு அதிகம் இல்லை. கடலிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் உப்புப் படிந்து கண்ணாடி மங்கும். நல்ல தண்ணீரில் வாரம் ஒருமுறை, வெயில் ஏறும் முன் கழுவ வேண்டும். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விழும். அலுமினியத்தோடு இரும்புத் திருகாணி சேரும் இடத்தில் உப்புக் காற்று அரிப்பை விரைவாக்கும். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி சில ரூபாய்தான் கூடுதல். விசிறியின் இறக்கைகளில் தூசு கட்டினால் காற்று குறைவதை, பை நிரம்பும் நேரம் காட்டிக் கொடுத்துவிடும். எடவப்பாதி என்னும் பருவமழைக்கு முன், அதாவது மே கடைசிக்குள், விசிறியையும் பலகையையும் கழற்றி உள்ளே வைத்து, பெட்டியின் இரண்டு வாய்களையும் அடைத்து, மேலே தார்ப்பாய் கட்டிவிட வேண்டும். அடைக்காமல் விட்டால் மழை முடியும்போது கேன் தூண்களுக்குள் குளவி கூடு கட்டியிருக்கும்.